ஏப்ரல் வந்தாச்சு: செடி வாங்கப் போகிறவர்கள், பாத்தி வெட்டுகிறவர்கள் எல்லாம் இந்தப் பக்கம் வாங்க

மலைச்சாரல் (லிந்துலை)

வணக்கம் எல்லோருக்கும். பனி விட்டுவிட்டது. ஜனவரி விடியற்காலைப் பனியில் கருகிய இலையெல்லாம் கொட்டி, இப்போது எந்தக் கொப்பைப் பார்த்தாலும் துளிர். நுவரெலியாவில் சீசனுக்குக் கடை போட ஆரம்பித்துவிட்டார்கள், மலர்க் கண்காட்சிக்கு விக்டோரியா பூங்காவில் வேலை நடக்கிறது, எனக்கும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஹக்கல ரோட்டில் இருக்கிற செடித் தவறணைகளை (செடி வளர்த்து விற்கிற இடங்களை) ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். வாங்கப் போகவில்லை, சும்மா பார்க்கத்தான் (வீட்டுக்காரர் இதை நம்பவில்லை). காலையிலேயே தண்ணீர் தெளித்து முடித்திருந்தார்கள். கறுப்புப் பொலித்தீன் பைகளின் விளிம்பில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நிற்கிறது, வலைக்குள் நுழைந்ததும் ஈரத் தும்புச்சோறும் (தேங்காய் நார்த்தூளும்) ஜெரேனியம் இலையும் கலந்து ஒரு வாசம் வரும் பாருங்கள், அதற்கே பஸ் காசு கொடுக்கலாம். பெட்டூனியா, பிகோனியா, ஸ்நாப்டிராகன் எல்லாம் தட்டுத் தட்டாக. ஒரு பென்சிப் பூவில் மஞ்சளுக்கு நடுவே கறுப்புக் கோடுகள், தாத்தாக்கள் முறுக்கி விடுகிற மீசை மாதிரி. அதை விட்டுவிட்டு வர மனசே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீட்டை விட்டுத் தனி வீட்டுக்கு வந்துவிட்டோம். 7 பேர்ச் காணி. லயத்தில் இருந்த காலமெல்லாம் பால்மா டின்னிலும் பெயின்ட் வாளியிலும்தான் பூ வளர்த்தோம், இப்போதுதான் காலுக்குக் கீழே நம்முடைய மண் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் என்ன மண் என்றுதான் கேட்க வேண்டும். பெக்கோ (மண் வெட்டுகிற இயந்திரம்) வைத்து மலையை வெட்டிச் சமப்படுத்தியபோது மேல்மண் முழுக்கப் பள்ளத்துக்குப் போய்விட்டது, வாசலில் இருப்பது சிவப்பு மண்ணும் கல்லும். மழை பெய்தால் வழுக்குகிறது, வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கிறது.

முன்னால் ரோசா, ஹைட்ரேஞ்சியா, டேலியா. பின்னால் கொஞ்சம் லீக்ஸ், கரட், பீட்ரூட், போஞ்சி. இதுதான் ஆசை. எதை முதலில் வாங்க, மண்ணை என்ன செய்ய? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊவாக்காரன் (வெலிமடை)

தங்கச்சி, முதலில் பர்ஸை மூடுங்க. பாத்தி இல்லாமல் செடி வாங்குவது பிள்ளைக்குப் பேர் வைக்காமல் சட்டை தைக்கிறதை விட மோசம், ஏனென்றால் சட்டை காத்திருக்கும், செடி காத்திருக்காது. சின்னப் பையில் இருக்கிற பெட்டூனியா இரண்டு நாள் வெயிலில் தண்ணீர் இல்லாமல் நின்றாலே முடிந்தது கதை.

மண்ணைக் கிளறி, எருப் போட்டு, குறைந்தது மூன்று வாரம் ஆறவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்க. சீசன் முடிந்து கொழும்புக் கார்கள் எல்லாம் இறங்கிய பிறகு விலையும் இறங்கும். மே மாதம் போனால் அதே செடியை அவர்களே கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

கண்டி ரோசா

அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் இப்படிச் சொன்னால் வாழ்க்கையில் என்ன சந்தோசம் இருக்கிறது 😄 ஏப்ரலில் தவறணைக்குப் போகாமல் இருக்க முடியுமா? எனக்குப் புது வருசத்துக்குப் புதுச் சேலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ரோசாச் செடி வாங்கியாக வேண்டும்.

மலைச்சாரல், நீங்கள் போகும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். பூத்துக் குலுங்குகிற செடியைத் தொடாதீர்கள். அது பூவில் எல்லாச் சக்தியையும் செலவழித்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கும். அரும்பு மட்டும் விட்டிருக்கிற, அடியிலிருந்து மூன்று நாலு கிளை பிரிந்த, குட்டையான செடியாகப் பாருங்கள். நெடுநெடுவென்று ஒற்றைத் தண்டாக வளர்ந்திருந்தால் நிழலில் நெருக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். ஓட்டை வழியாக வெள்ளை வேர் லேசாக எட்டிப் பார்த்தால் நல்லது, பழுப்பு வேர் கற்றையாகச் சுருண்டு வெளியே தொங்கினால் அந்தச் செடி பையிலேயே கிழடாகிவிட்டது. இலையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், எல்லாப் பூச்சியும் அங்கேதான் குடும்பம் நடத்தும்.

ரோசாவில் ஒட்டுப் போட்ட இடம் தெரியும், கணு மாதிரி தடித்திருக்கும். அதற்குக் கீழே இருந்து வருகிற துளிரை எல்லாம் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் நீங்கள் வாங்கிய சிவப்பு ரோசா போய்க் காட்டு ரோசா மட்டும் நிற்கும்.

ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) "இரட்டை இதழ், ஆரஞ்சு" என்று சொல்லிக் கொடுத்தார்கள், வீட்டில் பூத்தது வெளிறிய ரோஸ், ஒற்றை இதழ். அதனால் ஒரு பூவாவது விரிந்திருக்கிற வரிசையிலிருந்து, அதே தாய்ச்செடியின் அரும்புச் செடியாகக் கேட்டு வாங்குங்கள்.

குளிர்காற்று (ஹப்புத்தளை)

கேட்டு வாங்கின செடி வராது, வேலியோரம் ஒடித்துக்கொண்டு ஓடின செடிதான் வரும். என் அம்மாச்சி சொன்னது. எங்கள் வீட்டு ஃபுக்சியா, ஜெரேனியம் எல்லாம் அப்படி வந்த சாதிதான்.

கண்டி ரோசா

அடப்பாவி. ஹக்கல பூங்காவில் செடி பக்கத்தில் நிற்கும்போது காவல்காரர் ஏன் நம்மையே பார்க்கிறார் என்று இப்போது புரிகிறது.

பழைய தவறணை (தலவாக்கலை)

பிள்ளைகளே, நான் தோட்டத்துத் தேயிலைத் தவறணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கைபேசியில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா மலைச்சாரல், உங்கள் வாசலில் இருப்பது மண்ணே இல்லை, மண்ணுக்கு அடியில் இருக்க வேண்டியது. அதில் சத்து இல்லை என்பது இரண்டாவது விஷயம், முதல் விஷயம் அதில் காற்று இல்லை. பெக்கோ ஏறி இறங்கி மிதித்திருக்கும். அதன்மேல் நாலு மூட்டை நல்ல மண்ணைக் கொட்டிச் செடி வைத்தால் வேர் கீழே போகாது, தண்ணீரும் கீழே போகாது, மேல்மண் முதல் பெருமழையில் சறுக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடும். அதனால் முதலில் முள்ளுக் குத்துங்கள், நீளப் பல் வைத்த இரும்பு முள்ளால். மம்பட்டியால் கொத்திப் புரட்ட வேண்டாம், தேயிலைக்கு நடுவில் குத்துகிற மாதிரி முள்ளை முழு நீளத்துக்கும் இறக்கி, பின்னால் சாய்த்து, மண்ணை நெகிழ்த்திவிட்டு அப்படியே எடுங்கள். ஒரு அடி ஆழம் நெகிழ்ந்தால் போதும். லேசாக ஈரம் இருக்கிற நாளில் செய்ய வேண்டும். சொதசொதவென்று இருக்கும்போது குத்தினால் காய்ந்ததும் செங்கல் ஆகிவிடும்.

அடுத்தது, பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காக எடுங்கள். மேலிருந்து கீழாக எடுத்தால் பாத்தி இல்லை, அது தண்ணீர் ஓடுகிற கான். மட்டம் பார்க்கப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம், மேசன் பாஸ்மார் வைத்திருக்கிற தண்ணீர்க் குழாய் போதும். அகலம் மூன்றரை, நாலு அடிக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. வீட்டைக் கட்டும்போது தோண்டிப் போட்ட கல் கிடக்கிறதே, அதைத் தூக்கி எறியாதீர்கள், கீழ் விளிம்பில் ஒரு முழ உயரத்துக்குக் கல்கட்டாக அடுக்குங்கள். சிமெந்து வேண்டாம், இடைவெளியில் தண்ணீர் கசிந்து போகட்டும். மேல் பக்கம் ஒரு கான் வெட்டித் தண்ணீரை ஓரமாகத் திருப்பி விடுங்கள். 2025 நவம்பர் புயல் மழையில் நம் மலைகள் எப்படி இறங்கின என்று பார்த்தோம், வீட்டுக்குப் பின்னால் வெட்டிய சரிவைத் தோண்டிக் காய்கறி போடுகிற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே புல் நிற்கட்டும்.

அப்புறம் பசி எடுத்த மண்ணுக்குச் சாப்பாடு. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுபடி நடுவதற்கு முன்னால் மானாப் புல்லோ குவாட்டமாலாப் புல்லோ போட்டு 18 மாதம், இரண்டு வருசம் மண்ணைத் தேற்றுவோம். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் சொல்லிக்கொடுத்த முறை. வீட்டு வாசலில் அவ்வளவு காலம் யாரும் காத்திருக்க மாட்டீர்கள், சரி. ஆனால் அதே புல்லை வெட்டி வந்து பாத்தி மேல் மூடாக்குப் போடலாமே? மழைத்துளி நேரே மண்ணில் அடிக்காது, கீழே மண்புழு வரும். ரோட்டோரம் மஞ்சளாகப் பூக்கிற காட்டுச் சூரியகாந்தி இருக்கிறது பாருங்கள், அதன் இலையும் இளந்தண்டும் நல்ல தழைப் பசளை, காசே இல்லை. முற்றிய தண்டை மட்டும் புதைக்க வேண்டாம், அது வேர் விட்டு உங்கள் பாத்தியையே பிடித்துக்கொள்ளும்.

இந்த வருசம் ஒரு பாத்தியை மட்டும் நன்றாகச் செய்யுங்கள். மற்ற இடத்தில் போஞ்சி போடுங்கள். போஞ்சி வேர் மண்ணுக்கு நல்லது, கறிக்கும் ஆகும்.

மலைச்சாரல் (லிந்துலை)

ஐயா, கும்பிடுகிறேன். இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன், "கல்லை ஏற்றிக் கொட்ட லொறி பேசிவிட்டேன்" என்றார், நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 1900 சதுர அடி, வீடும் பாதையும் போக மிச்சம் கொஞ்சம்தான். ஒரு பாத்தி என்றால் எதற்கு முதலிடம்? பூவா காய்கறியா? வீட்டில் இதற்குத்தான் சண்டை.

ஊவாக்காரன் (வெலிமடை)

காய்கறி. சந்தையில் கரட் விலை ஏறும்போது தெரியும்.

கண்டி ரோசா

பூ. சந்தையில் கரட் விலை இறங்கும்போது தெரியும்.

மண்வாசனை (ஹட்டன்)

காய்கறி என்றால் ஒரு விஷயம். நம் பக்கத்து மண் புளிப்பு மண். தேயிலைக்கு அதுதான் வேண்டும், பீ.எச். (மண்ணின் புளிப்பைக் காட்டுகிற எண், அது குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் தேயிலை சந்தோசமாக நிற்கும். கரட், லீக்ஸ், கோவாவுக்கு 6, 6.5 பக்கம் வர வேண்டும். பீட்ரூட் இன்னும் கூச்சக்காரன், புளிப்பு மண்ணில் கிழங்கே வைக்காமல் சிவந்த இலையோடு குந்தியிருக்கும். அதனால் டொலமைட், புளிப்பைக் குறைக்கிற சுண்ணாம்புக் கல் தூள். கடையில் சின்னப் பைகளில் கிடைக்கும். மிகப் புளிப்பான மண்ணுக்குச் சதுர மீற்றருக்கு 200 கிராம் அளவில் தூவிக் கிளறிவிட்டு இரண்டு மூன்று வாரம் விடுங்கள். எருவையும் டொலமைட்டையும் ஒரே நாளில் கொட்டிக் கிளறாதீர்கள், எருவில் இருக்கிற தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். மூக்கில் நெடி ஏறும்போதே தெரியும் காசு காற்றில் போகிறது என்று.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைப் பிடித்து மண்ணைப் பரிசோதிக்க எப்படிக் கொடுப்பது என்று கேளுங்கள்.

குளிர்காற்று (ஹப்புத்தளை)

டொலமைட் போட்டால் ஹைட்ரேஞ்சியா நிறம் மாறும் என்கிறார்களே, உண்மையா? துரை பங்களாக்களில் எல்லாம் நீலமாகத்தான் நிற்கிறது, எனக்கு ரோஸ் வேண்டும்.

மண்வாசனை (ஹட்டன்)

உண்மை. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், அது பூவுக்குப் போய் நீலம் தரும். பீ.எச். 6ஐத் தாண்டினால் அலுமினியம் கிடைக்காது, பூ ரோஸ் ஆகும். தேயிலை மலையில் நீலம் நிற்பதற்குக் காரணம் அதுதான். ஆனால் நிலத்தில் நிற்கிற செடியை மாற்றுவது லேசான காரியம் இல்லை, சுற்றிலும் புளிப்பு மண், மழை வேறு. இந்த வருசம் போட்டால் அடுத்த பூக்காலத்தில் ஒரு மாதிரி ஊதாவாக வரும். ரோஸ்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் பெரிய சாடியில் வையுங்கள். வெள்ளை வகை எதைப் போட்டாலும் வெள்ளைதான்.

கண்டி ரோசா

மலையில் இருந்துகொண்டு நீலம் வேண்டாம் என்கிறீர்களே. நாங்கள் கண்டியில் அந்த நீலத்துக்குத் தவம் கிடக்கிறோம்.

அப்படியே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கீழ்நாட்டுக்காரர்களும் வாசிப்பார்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், கண்டி ஏறக்குறைய 500. அங்கே கொழுத்து நிற்கிற பென்சியையும் டேலியாவையும் வேனில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுவந்து வைத்தால் ஒரு பூப் பூத்துவிட்டுப் போய்ச்சேரும். எங்களுக்கு அந்தூரியம், ஒர்கிட், குரோட்டன், மல்லிகை. அதைப் பேராதனை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வாங்குவதுதான் புத்தி. செடி எந்த உயரத்தில் வளர்ந்ததோ கிட்டத்தட்ட அந்த உயரத்திலேயே வாங்க வேண்டும், மலைக்காரர்களுக்கும் இது பொருந்தும். கீழே இருந்து லொறியில் ஏறி வருகிற மலிவுச் செடி முதல் குளிரிலேயே ஒடுங்கிவிடும்.

ஊவாக்காரன் (வெலிமடை)

இது நல்ல பாயிண்ட். இதோடு மழையையும் சேர்க்க வேண்டும். எல்லோரும் ஏப்ரல் ஏப்ரல் என்கிறீர்கள், அது எல்லா மலைக்கும் ஒரே ஏப்ரல் இல்லை. எங்கள் ஊவாப் பக்கம் இப்போது பின்னேர இடிமழை கொஞ்சம் கிடைக்கும், ஜூனில் இருந்து ஓகஸ்ட் வரைக்கும் காய்ந்த காற்று அடித்துத் தூக்கும். இப்போது வைக்கிற செடி மே முடிவதற்குள் வேர் பிடிக்காவிட்டால் பீலித் தண்ணீரை (மலை ஊற்றுக் குழாய்த் தண்ணீரை) வாளியில் தூக்கியே இடுப்பு ஒடியும். எங்களுக்குப் பெரிய நடவு ஒக்டோபரில்தான், அப்போதிருந்து ஜனவரி வரை வானம் பார்த்துக்கொள்ளும்.

மண்வாசனை (ஹட்டன்)

எங்களுக்கு அப்படியே தலைகீழ். மே கடைசியில் தென்மேற்கு மழை இறங்கினால் ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் வெயிலைக் காண்பதே அபூர்வம். வட்டவளையில் வருசத்துக்கு 5000 மில்லிமீற்றரைத் தாண்டிப் பெய்கிற மழை. எங்களுக்குச் செடி காய்ந்து சாவதில்லை, நின்ற இடத்திலேயே அழுகிச் சாகும். அதனால் பாத்தியை முக்கால் அடிக்குக் குறையாமல் உயர்த்த வேண்டும், நடுப்பகுதி கொஞ்சம் மேடாக, ஓரம் சரிவாக. ரோசா இலையில் கரும்புள்ளி வந்து மொட்டையாக நிற்கிற காலமும் அதுதான். ரோசா வைக்க ஊவா நல்ல ஊர், எங்களுக்குப் பொறாமை.

ஊவாக்காரன் (வெலிமடை)

அப்படியானால் நான் உயர்த்தாமல் தாழ்த்த வேண்டும். எங்கள் பாத்தி தரை மட்டத்துக்குத்தான், ஓரத்தில் வரப்பு, தண்ணீர் உள்ளே நிற்கட்டும் என்று. பாருங்கள், நடுவில் ஒரு மலைதான், வேலை இரண்டு விதம். இணையத்தில் வேறு நாட்டுக்காரர் சொல்வதைப் பார்த்து "வசந்தகாலப் பாத்தி" போடுகிறவர்களுக்கு இதை யார் சொல்வது.

லிந்துலை மேற்குப் பக்கம்தானே, தங்கச்சி நீங்கள் ஹட்டன்காரர் சொல்வதைக் கேளுங்கள். நான் சொன்ன மே மாதச் செடிக் கடையை மறந்துவிடுங்கள், அது எங்களுக்கும் இல்லை உங்களுக்கும் இல்லை, சாடியில் வளர்க்கிறவர்களுக்கு மட்டும்.

பச்சைக்கிளி (கந்தப்பளை)

பசளை பற்றி யாரும் பேசவில்லையே? நாங்கள் தோட்டம் செய்கிறவர்கள், 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபோது எங்கள் பக்கம் நின்று போன வயல்களைப் பார்த்தவர்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் பை விலை பழைய விலைக்கு வரவே இல்லை. அதனால் "சேதனம் (இயற்கைப் பசளை) மட்டும் போதும்" என்று யாராவது மேடை போட்டுப் பேசினால் எனக்குக் கோபம் வரும். வியாபாரத்துக்கு லீக்ஸ் போடுகிறவனுக்கு அது போதாது.

வீட்டு வாசல் பாத்திக்கு மட்டும் நான் ஒரு பிடி யூரியா கூடப் போடுவதில்லை. அங்கே கூட்டெரு போதும், ஒரு பாத்திக்குக் கூட்டெரு செய்ய ஒரு வீட்டுக் குப்பை போதும். கோழி எரு வாங்கினால் பச்சையாகப் போடாதீர்கள், வேரைச் சுட்டுவிடும். மழை படாமல் படங்கு மூடி இரண்டு மாதம் குவித்து வைத்து, சூடு அடங்கி, கையில் எடுத்தால் மண் மணம் வந்த பிறகு போடுங்கள். மாட்டெருவில் களை விதை வரும், மற்றபடி சாது.

மலைச்சாரல் (லிந்துலை)

அக்கா, எங்கள் பக்கத்தில் பால் மாடு வைத்திருக்கிறவர் சாக்கு மூட்டையாகத் தருகிறேன் என்றார். மக்கினது மாதிரித்தான் தெரிகிறது, ஆனால் உள்ளே கையை விட்டால் வெதுவெதுப்பு.

பச்சைக்கிளி (கந்தப்பளை)

வெதுவெதுப்பு இருந்தால் இன்னும் வேலை நடக்கிறது. வாங்கி, ஒரு தரம் புரட்டி, மூடி வையுங்கள். பாத்தியில் கீழே முள்ளுக் குத்துகிற வேலை முடிவதற்குள் அதுவும் தயாராகும்.

இன்னொன்று, முள்ளம்பன்றி. டேலியா கிழங்கு வைக்கிறேன் என்கிறீர்கள், அந்தப் பக்கம் காடு கிட்டவா? உருளைக்கிழங்கும் டேலியா கிழங்கும் அவனுக்கு ஒன்றுதான். கிழங்கு வைத்த குழிக்குள் சுற்றிலும் கம்பி வலையை ஒரு அடி ஆழத்துக்கு இறக்குங்கள். மேலே மட்டும் வேலி கட்டினால் அடியால் தோண்டி வருவான்.

குளிர்காற்று (ஹப்புத்தளை)

எங்களுக்கு நத்தை. இராத்திரி டோர்ச் அடித்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதுதான் பொழுதுபோக்கு. ஈரச் சாக்கு ஒன்றைப் பாத்தி ஓரத்தில் விரித்துவிட்டுக் காலையில் தூக்கிப் பாருங்கள், அடியில் மாநாடு நடக்கும். அப்படியே அள்ளிவிடலாம்.

பழைய தவறணை (தலவாக்கலை)

நல்ல உபாயம். சாம்பல் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு மழைக்கு மேல் நிற்காது.

பிள்ளைகளே, வாங்கிய செடியை அன்றைக்கே நட வேண்டாம் என்பதை யாரும் சொல்லவில்லை. தவறணையில் வலை நிழலில், பொலித்தீன் கூடாரத்துக்குள் வளர்ந்த செடி அது. நாங்கள் தேயிலைக் கன்றை மலைக்கு அனுப்புவதற்கு முன் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்குவோம். நீங்களும் அப்படியே ஒரு வாரம், பத்து நாள் வாசல் திண்ணையில் வையுங்கள். காலை வெயில் மட்டும், அப்புறம் கொஞ்சம் கூட. நடுகிற நாள் மாலை நேரமாகவோ மப்பும் மந்தாரமுமாகவோ இருக்கட்டும். பையைப் பிடித்து இழுக்காதீர்கள், பிளேடால் ஓரத்தைக் கீறி உரித்து எடுங்கள், மண் உருண்டை உடையக் கூடாது. உடைந்தால் நுனி வேர் போச்சு, அந்த வேர்தான் தண்ணீர் குடிக்கிறது. குழியில் பையில் இருந்த ஆழத்துக்கே வைத்து, சுற்றி மண்ணை விரலால் அழுத்துங்கள், காலால் மிதிக்க வேண்டாம்.

மலைச்சாரல் (லிந்துலை)

அறிக்கை: ஒரு பாத்தி முடிந்தது! முள்ளுக் குத்தியது வீட்டுக்காரரும் தம்பியும், கல்கட்டு அடுக்கியது மாமனார், மேற்பார்வை நான். சிவப்பு மண்ணில் முள் முதலில் இரண்டு அங்குலம் கூட இறங்கவில்லை, முந்தின நாள் பின்னேர மழை பெய்த பிறகுதான் இறங்கியது. டொலமைட் போட்டு மூன்று வாரம் ஆகிறது, நடுவில் தோட்டத்துத் திருவிழா வந்ததால் யாருக்கும் பொறுமையைச் சோதிக்கிற வேலை இருக்கவில்லை. இப்போது எருப் போட்டு மானாப் புல் மூடியிருக்கிறது. நேற்றுப் புல்லை விலக்கிப் பார்த்தேன், மண் நொறுநொறுவென்று கையில் உதிர்கிறது, ஒரு மண்புழுவும் இருந்தது. எங்கிருந்து வந்தான் என்று தெரியவில்லை, எருவோடு வந்திருப்பான்.

சண்டையும் தீர்ந்தது. பாத்தியின் மேல் பாதி ரோசாவும் பென்சியும், கீழ்ப் பாதி லீக்ஸும் போஞ்சியும். ஹைட்ரேஞ்சியா வேலி ஓரத்தில், டொலமைட் படாத இடத்தில், நீலமாகவே வரட்டும்.

இன்றைக்குக் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா நான் ஒவ்வொரு பையாகத் தூக்கி அடியைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மகள், நீங்க செடி வாங்க வந்தீங்களா, பரிசோதனைக்கு வந்தீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். அப்புறம் அவரே பின்னால் இருந்து ஒரு தட்டு எடுத்து வந்தார், முன்னால் அலங்காரத்துக்கு வைத்ததை விடக் குட்டை, தண்டு தடிமன், அரும்பு மட்டும். அந்த மீசைப் பென்சியும் வாங்கினேன். லீக்ஸ் நாற்று ஒரு கட்டு. ரோசா இரண்டு, ஒட்டு இடம் பார்த்துத்தான். ஸ்ட்ரோபெரி மூன்று பை, அது கணக்கில் இல்லாதது, வீட்டில் சொல்லாதீர்கள்.

இப்போது எல்லாம் திண்ணையில் பழகிக்கொண்டிருக்கின்றன. ஒரு கேள்வி: லீக்ஸ் நாற்றைக் கட்டோடு எத்தனை நாள் வைக்கலாம்?

பச்சைக்கிளி (கந்தப்பளை)

லீக்ஸ் திண்ணையில் பழகத் தேவையில்லை, அது வெளிப் பாத்தியில் வளர்ந்த நாற்று. இன்றைக்கோ நாளைக்கோ நடுங்கள். வேரை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும், அதற்கு மேல் மஞ்சளாகும். நடும்போது வேர் நுனியையும் இலை நுனியையும் கொஞ்சம் நறுக்கிவிட்டு, விரல் ஆழக் குழியில் இறக்குங்கள். வளர வளர அடியில் மண் அணைத்தால்தான் வெள்ளைத் தண்டு நீளும்.

கண்டி ரோசா

ஸ்ட்ரோபெரி ஓடுகொடி விட்டதும் எனக்கு ஒன்று ஒதுக்குங்கள். கண்டியில் காய்க்காது என்று தெரியும், இருந்தாலும்.

குளிர்காற்று (ஹப்புத்தளை)

கேட்டு வாங்கினால் வராது அக்கா. ஒருநாள் லிந்துலைப் பக்கம் வந்து வேலியோரம் நில்லுங்கள்.